செய்திப்பெட்டி ஏன் பின்னால் போய்விடுகிறது? அதை மேலே நிறுத்துவது எப்படி?

ஒரு சிறிய ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றும் சிறு நிரல், பின்னணியில் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில், அதே பெயரில் பழைய கோப்பு ஒன்று இருப்பதைக் கண்டு, அதன் மேல் எழுதலாமா என்று அது உங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. கேள்வியை ஒரு செய்திப்பெட்டியாகத் திரையில் வைத்துவிட்டு, பதில் வரும்வரை அடுத்த வரிக்கு நகராமல் நிற்கிறது. ஆனால் அந்தப் பெட்டி, நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் பெரிய சாளரத்தின் பின்னால் திறந்திருக்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று நம்பி நீங்கள் காத்திருக்கிறீர்கள். ஸ்கிரிப்டோ உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது. வேறு ஏதோ காரணத்துக்காகச் சாளரத்தைச் சுருக்கும்போதுதான் கேள்வியே கண்ணில் படுகிறது.

இதற்குத் தீர்வு கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ஓர் எண்தான் பதிலாகக் கிடைக்கிறது: "செய்திப்பெட்டிக் கட்டளையின் எண்ணில் 4096 சேர்த்துவிடுங்கள்." பல நேரங்களில் அது வேலை செய்கிறது. வேலை செய்யாதபோது ஏன் என்று யாருக்கும் விளங்குவதில்லை, ஏனெனில் வேலை செய்தபோதும் ஏன் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. ஒரு சாளரம் மற்றவற்றுக்கு மேலே தெரிவது, விசைப்பலகையைத் தன்வசம் எடுத்துக்கொள்வது, பயனரின் மற்ற வேலைகளைத் தடுத்து நிறுத்துவது ஆகிய மூன்றையும் ஒரே செயலாக எண்ணிக்கொள்வதுதான் இந்தக் குழப்பத்தின் வேர் என்பது என் கருத்து. இம்மூன்றும் இயங்குதளத்தில் மூன்று தனித்தனி ஏற்பாடுகள். செய்திப்பெட்டி போடும் ஸ்கிரிப்டுகள் மிகுதியாகப் புழங்குவது விண்டோஸில் என்பதால் அதை வைத்தே விளக்குகிறேன்.

## சாளரங்களின் அடுக்கு

மேசையின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் தாள்களை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கிடக்கும் தாள் முழுவதும் தெரியும். அதன் கீழே இருப்பது, மேல்தாள் மறைக்காத அளவுக்கு மட்டும் தெரியும். ஒரு தாளை எடுத்து உச்சியில் வைத்தால் மற்றவை எல்லாம் ஒரு படி கீழே இறங்கும். திரையில் உள்ள சாளரங்களும் இப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. எது எதற்கு மேலே என்று இயங்குதளம் வைத்திருக்கும் இந்தப் பட்டியலுக்கு அடுக்கு வரிசை என்று பெயர். ஒரு சாளரத்தை மவுஸால் சொடுக்கும்போது நீங்கள் செய்வது, அந்தத் தாளை உருவி உச்சியில் வைப்பதுதான்.

இனி, அந்த மேசையில் ஒரே ஒரு பேனாதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனா எந்தத் தாளில் ஊன்றியிருக்கிறதோ அந்தத் தாளில்தான் எழுத்து விழும். விசைப்பலகை அந்தப் பேனாவைப் போன்றது. எந்தச் சாளரத்துக்கு விசைப்பலகையின் எழுத்துகள் போய்ச் சேருகின்றனவோ, அதுவே செயலில் உள்ள சாளரம். பொதுவாக உச்சியில் இருக்கும் தாளில்தான் எழுதுகிறோம் என்பதால் மேலே இருப்பதும் எழுத்தைப் பெறுவதும் ஒன்றே என்று தோன்றிவிடுகிறது. ஆனால் ஒரு சிறிய தாளை, நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் பெரிய தாளின் ஓரத்தில் யாராவது மேலே வைத்தால் என்ன ஆகும்? சிறிய தாள் மேலே இருக்கும். பேனா பெரிய தாளிலேயே ஓடிக்கொண்டிருக்கும். திரையிலும் இது நடக்கும். செய்திப்பெட்டிகளைப் பொறுத்தவரை அடிக்கடி நடக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எது மேலே தெரிகிறது என்பதை அடுக்கு வரிசை முடிவுசெய்கிறது, எதற்கு எழுத்து போகிறது என்பதைச் செயலில் உள்ள சாளரம் எது என்பது முடிவுசெய்கிறது. முன்னதை மாற்றினால் பின்னதும் மாறும் என்ற உறுதி இல்லை.

## புதிதாகத் திறக்கும் பெட்டி ஏன் பின்னால் விழுகிறது?

சாதாரணமாக, புதிதாகத் திறக்கும் சாளரம் உச்சிக்கு வர வேண்டும், விசைப்பலகையும் அதனிடம் போக வேண்டும். நீங்கள் ஸ்கிரிப்ட் கோப்பை இருமுறை சொடுக்கியவுடன் பெட்டி வந்தால் அப்படித்தான் நடக்கிறது. பிறகு ஏன் சில வேளைகளில் மட்டும் பின்னால் போகிறது?

பழைய விண்டோஸ் பதிப்புகளில் எந்த நிரலும், எப்போது வேண்டுமானாலும், தன் சாளரத்தை முன்னுக்குக் கொண்டுவர முடிந்தது. நீங்கள் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது வேறொரு நிரல் திடீரென்று முன்னால் வந்து நிற்கும். பாதி வாக்கியம் கடிதத்திலும் மீதி அந்த நிரலிலும் போய் விழும். விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 ஆகிய பதிப்புகளிலிருந்து மைக்ரோசாஃப்ட் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. முன்னுக்கு வர விரும்பும் நிரல் அதற்கான உரிமையைப் பெற்றிருக்க வேண்டும். பயனர் இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் நிரலுக்கு அந்த உரிமை உண்டு. அந்த நிரலால் தொடங்கிவைக்கப்பட்ட நிரலுக்கும், பயனரின் கடைசிச் சொடுக்கையோ விசையையோ பெற்ற நிரலுக்கும் உண்டு. மற்றவற்றுக்குப் பொதுவாக இல்லை. உரிமை இல்லாத நிரல் முன்னுக்கு வர முயன்றால், விண்டோஸ் அதைப் பின்னாலேயே நிறுத்திவிட்டு, டாஸ்க்பாரில் அதன் பொத்தானை மட்டும் மினுக்கிக் காட்டும். இந்த ஏற்பாட்டை முன்னணிப் பூட்டு என்று அழைப்போம்.

இருமுறை சொடுக்கித் தொடங்கிய ஸ்கிரிப்டின் முதல் பெட்டி ஏன் ஒழுங்காக முன்னால் வருகிறது என்பது இப்போது விளங்கும். நீங்கள் சொடுக்கியது கோப்பு உலாவியில். அதுதான் அந்நேரம் முன்னணியில் இருந்த நிரல். அது தொடங்கிவைத்த ஸ்கிரிப்டுக்கு முன்னணி உரிமையும் சேர்ந்தே வருகிறது. ஆனால் ஸ்கிரிப்ட் சில நிமிடங்கள் ஓடிய பிறகு பெட்டியைப் போடுகிறது, அதற்குள் நீங்கள் வேறொரு நிரலுக்குப் போய் எதையோ தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், அந்த உரிமை நீங்கள் தொட்ட நிரலுக்குப் போய்விடுகிறது. பணிகளுக்கு நேரம் குறித்துவைக்கும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலர் குறித்த நேரத்தில் தானாகத் தொடங்கும் ஸ்கிரிப்டுக்கோ இந்த உரிமை தொடக்கத்திலிருந்தே கிடையாது. ஆகவே ஒரே ஸ்கிரிப்ட் ஒரு நாள் முன்னாலும் மறுநாள் பின்னாலும் பெட்டி போடுவதில் மர்மம் எதுவும் இல்லை. நீங்கள் இடையில் எதைத் தொட்டீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது.

இந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்பவர்கள் உண்டு. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் பதிவேட்டில் இதற்குரிய மதிப்பை மாற்றிப் பூட்டை முழுவதுமாகத் தளர்த்திவிடலாம் என்று சொல்லித்தருபவர்களும் உண்டு. ஒரு ஸ்கிரிப்டின் வசதிக்காகக் கணினியில் உள்ள எல்லா நிரல்களுக்கும் கதவைத் திறந்துவிடும் அந்த வழியை நான் ஏற்பதில்லை. நம் தேவை பெட்டி கண்ணில் பட வேண்டும் என்பதுதான். அதற்குப் பேனாவைப் பிடுங்க வேண்டியதில்லை.

## மேல்தளம்: தனியான இரண்டாவது அடுக்கு

உண்மையில் மேசையில் இருப்பது ஓர் அடுக்கு அன்று, இரண்டு. கீழே சாதாரணச் சாளரங்களின் அடுக்கு இருக்கிறது. அதன் மேல், முற்றிலும் தனியாக, எப்போதும் மேலே இருக்க வேண்டிய சாளரங்களின் அடுக்கு ஒன்று இருக்கிறது. இந்த இரண்டாவது அடுக்கை மேல்தளம் எனலாம். கீழ் அடுக்கில் நீங்கள் எந்தத் தாளை எடுத்து உச்சியில் வைத்தாலும், அது கீழ் அடுக்கின் உச்சிதான். மேல்தளத்தில் இருக்கும் ஒரு தாளை அதனால் மறைக்க முடியாது. டாஸ்க் மேனேஜரில் "எப்போதும் மேலே" என்ற தேர்வை இட்டவுடன், வேறு எதைச் சொடுக்கினாலும் அது மறையாமல் நிற்பதற்கும் அடிப்படை இந்த எண்ணமே.

ஒரு சாளரம் மேல்தளத்தைச் சேர்ந்ததா இல்லையா என்பது அதனுடன் ஒட்டியிருக்கும் ஓர் அடையாளக்குறியைப் பொறுத்தது. செய்திப்பெட்டியை உருவாக்கும்போதே அந்தக் குறியுடன் உருவாக்கும்படி கேட்கலாம். அப்படிக் கேட்டால் விண்டோஸ் மறுப்பதில்லை. முன்னணிப் பூட்டு தடுப்பது முன்னணிக்கு வருவதையும், அதன் வழியாக விசைப்பலகையைப் பிடித்துக்கொள்வதையும்தான். மேல்தளத்தில் இடம்பெறுவதை அது தடுப்பதில்லை. 4096 என்ற எண் வேலை செய்வதன் முழு ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட், முன்னணி உரிமை எதுவும் இல்லாமலேயே, தன் பெட்டியை எல்லாவற்றுக்கும் மேலே தெரியும்படி வைத்துவிடுகிறது. நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் எழுத்துகள் தொடர்ந்து உங்கள் கடிதத்திலேயே விழுகின்றன. பெட்டி மட்டும் கண்முன்னே நிற்கிறது. வாக்கியத்தை முடித்துவிட்டு, மவுஸை நகர்த்தி, பதிலைச் சொடுக்கலாம். அறிவிப்புக்கு இதைவிட நல்ல நடத்தை வேறு இல்லை.

மேல்தளத்துக்கும் எல்லைகள் உண்டு. அங்கே இரண்டு சாளரங்கள் வந்துவிட்டால், அவற்றுக்குள் மறுபடியும் சாதாரண அடுக்கு வரிசையே செல்லும். கடைசியாகத் தொடப்பட்டது மேலே வரும். எல்லா நிரல்களும் "நான் எல்லாவற்றுக்கும் மேலே" என்று கேட்டால் ஒன்றுதான் உண்மையில் மேலே இருக்க முடியும். ஆகவே வேறு எந்தச் சாளரத்தாலும் ஒருபோதும் மறைக்க முடியாத பெட்டி என்று ஒன்றை ஒரு சாதாரண ஸ்கிரிப்டால் உருவாக்க முடியாது.

சுருக்கமாக: மேல்தளக் குறி உள்ள பெட்டி சாதாரணச் சாளரங்களால் மறைக்கப்படாது. அது விசைப்பலகையைப் பிடுங்கும் என்பதோ, மற்ற மேல்தளச் சாளரங்களை எப்போதும் வெல்லும் என்பதோ இதில் அடங்கவில்லை.

## தடுத்து நிறுத்துதல் என்பது வேறு

ஒரு பெட்டிக்குப் பதில் சொல்லும்வரை, அதே நிரலின் மற்றச் சாளரங்களைத் தொட முடியாமல் செய்வதற்குத் தடுப்புநிலை என்று பெயர் வைத்துக்கொள்வோம். கோப்பைச் சேமிக்கவா என்று கேட்கும் பெட்டி திறந்திருக்கும்போது, பின்னால் உள்ள ஆவணத்தில் சொடுக்கினால் ஒலி மட்டும் எழும்பி ஒன்றும் நடக்காமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் தடுப்புநிலை. அது அந்த நிரலுக்குள் மட்டும் செல்லுபடியாகும். அடுத்த நிரலின் சாளரத்தை நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

விபிஸ்கிரிப்ட் என்ற விண்டோஸ் ஸ்கிரிப்ட் மொழியில் 4096 என்ற எண்ணுக்கு வைத்திருக்கும் பெயர் விபிசிஸ்டம்மோடல் (vbSystemModal), அதாவது கணினி முழுவதற்குமான தடுப்புநிலை. இதைப் பார்த்துவிட்டு, கணினி முழுவதையும் நிறுத்திவைக்கும் பெட்டி இது என்று பலர் எழுதுகிறார்கள். 16 பிட் விண்டோஸ் காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. அப்படிப்பட்ட பெட்டி திரையில் இருக்கும்வரை வேறு எந்த நிரலுக்குள்ளும் போக முடியாது. 32 பிட் விண்டோஸ் வந்த பிறகு அந்த நடத்தை கைவிடப்பட்டது. இன்று அதே எண்ணைக் கொடுத்தால், சாதாரணச் செய்திப்பெட்டியுடன் மேல்தளக் குறி சேர்கிறது, அவ்வளவே. மற்ற நிரல்களில் வேலை செய்வதற்குத் தடை எதுவும் இல்லை என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. எனவே "பயனர் பதில் சொல்லாமல் வேறு எதையும் செய்ய முடியாதபடி தடுக்க வேண்டும்" என்ற எண்ணத்துடன் யாரேனும் 4096 சேர்த்தால், அவர்கள் எதிர்பார்த்தது நடக்காது.

ஸ்கிரிப்ட் நிற்கிறதே, அது தடுப்புநிலை இல்லையா என்று கேட்கலாம். ஸ்கிரிப்ட் நிற்பது, பெட்டியைக் காட்டும் கட்டளை பதில் கிடைக்கும்வரை திரும்பி வருவதில்லை என்பதால். பெட்டி மேலே இருந்தாலும் பின்னால் இருந்தாலும் ஸ்கிரிப்ட் நிற்கவே செய்யும்.

## அந்த எண்களைக் கூட்டுவது எப்படி?

விண்டோஸில் செய்திப்பெட்டியின் தோற்றமும் நடத்தையும் ஒரே ஓர் எண்ணில் அடைக்கப்படுகின்றன. ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு மதிப்பு உண்டு. வேண்டியவற்றைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆம், இல்லை என்ற இரு பொத்தான்களுக்கு 4. கேள்விக்குறிப் படத்துக்கு 32. இரண்டாவது பொத்தானை இயல்பான தேர்வாக வைப்பதற்கு 256. மேலே நிறுத்துவதற்கு 4096. இவற்றைக் கூட்டினால் 4388. இந்த ஓர் எண்ணைச் செய்திப்பெட்டிக் கட்டளையில் செய்தியை அடுத்துக் கொடுத்தால், கேள்விக்குறியும் ஆம், இல்லை பொத்தான்களும் கொண்டு, "இல்லை" முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டு, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் பெட்டி கிடைக்கும். பயனர் "ஆம்" என்றால் 6, "இல்லை" என்றால் 7 பதிலாகத் திரும்பி வரும்.

வெவ்வேறு வகைத் தேர்வுகள் எண்ணுக்குள் வெவ்வேறு இடங்களில் உட்காரும்படி மதிப்புகள் ஒதுக்கப்பட்டிருப்பதால், எந்த வகையிலிருந்து எதை எடுத்தாலும் கூட்டல் குழம்புவதில்லை. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்கிரிப்டில் ஓரிடத்தில் 4096 சேர்க்கப்பட்டிருப்பதைக் கவனிக்காமல் இன்னோரிடத்தில் மறுபடியும் கூட்டினால், மொத்தத்தில் 8192 சேர்ந்துவிடும். 8192 என்பதும் செல்லுபடியாகும் ஒரு தேர்வுதான்: அது அதே நிரலிழையின் (நிரலுக்குள் ஓடும் ஒரு தனி வேலைத்தொடரின்) மற்றச் சாளரங்களைத் தடுக்கும் வேறொரு வகைப் பெட்டி, அதில் மேல்தளக் குறி கிடையாது. பிழைச்செய்தி எதுவும் வராது. பெட்டி வரும்; மேலே மட்டும் நிற்காது. கூட்டல் குறிக்குப் பதில் "அல்லது" என்ற தருக்கச் செயலியைக் கொண்டு இணைத்தால் இந்தச் சிக்கல் எழாது, ஏனெனில் ஒரே மதிப்பை எத்தனை முறை இணைத்தாலும் அது ஒரு முறை இணைத்ததாகவே ஆகும். இந்தப் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும்படி வலியுறுத்துவேன்.

4096 தவிர, இதே துறையில் இன்னும் இரண்டு எண்கள் புழங்குகின்றன. 262144 என்பது மேல்தளக் குறியை மட்டும் நேரடியாகச் சேர்க்கும். ஆட்டோஹாட்கீ என்ற ஸ்கிரிப்ட் மொழியைப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விரும்புகிறார்கள். 4096 கொடுத்தால் தலைப்புப் பட்டியில் தோன்றும் சிறு படம் இதில் தோன்றாது. 65536 என்பது பெட்டியை முன்னணிக்குக் கொண்டுவரும்படி கேட்பது. கேட்பது என்ற சொல்லை இங்கே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டும்: முன்னணி உரிமை இல்லாத ஸ்கிரிப்ட் இதைக் கேட்டால் விண்டோஸ் மறுத்துவிடும். மேலே நிறுத்த வேண்டும் என்று 65536-ஐ மட்டும் சேர்த்துவிட்டு, எதுவும் நடக்கவில்லை என்று திகைப்பவர்கள் அடுக்கையும் பேனாவையும் குழப்பிக்கொண்டவர்கள்.

## உரிமைச் சாளரம் என்னும் வழி

எல்லா மொழிகளிலும் அந்த எண்ணை நேரடியாகக் கொடுக்கும் வசதி இருப்பதில்லை. விண்டோஸின் இன்னொரு ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்லில் பலரும் பயன்படுத்தும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற சாளர நூலகத்தின் செய்திப்பெட்டியில் "மேலே நிறுத்து" என்று ஒரு தேர்வே கிடையாது. அங்கே வேறொரு விதி கைகொடுக்கிறது. ஒரு சாளரத்தை இன்னொரு சாளரத்துக்கு உடைமையாக்கலாம். உடைமையான சாளரம் எப்போதும் தன் உரிமைச் சாளரத்துக்கு, அதாவது தன்னை உடைமையாகக் கொண்ட சாளரத்துக்கு, மேலேயே இருக்கும். தாள்களின் மொழியில் சொன்னால், பெரிய தாளின் மேல் ஊசியால் குத்திய சிறு சீட்டு அது. பெரிய தாள் எந்த அடுக்குக்குப் போகிறதோ அங்கேயே சீட்டும் போகும்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுப் படிவத்தை உருவாக்கி, அதன் டாப்மோஸ்ட் பண்பை உண்மை என்று வைத்து, செய்திப்பெட்டியைக் காட்டும் கட்டளைக்குத் தரும் முதல் மதிப்பாக அந்தப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். படிவம் மேல்தளத்தைச் சேர்ந்தது. பெட்டி படிவத்துக்கு உடைமை. எனவே பெட்டியும் மேல்தளத்தில் நிற்கிறது. பைத்தானின் டிகேஇன்டர் நூலகத்திலும் இதே எண்ணம்தான்: முதன்மைச் சாளரத்தை மறைத்துவைத்து, அதற்கு டாப்மோஸ்ட் பண்பை இட்டு, பெட்டிக்கு அதைப் பெற்றோராகக் கொடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் அந்த மறைவுச் சாளரத்தை அழித்துவிட மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் நிரல் முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

லினக்ஸில் நிலைமை சற்று வேறு. அங்கே சாளரங்களை அடுக்குவது சாளர மேலாளர் என்ற தனி நிரலின் பொறுப்பு. ஸ்கிரிப்ட் வேண்டுகோள் விடுக்கலாம், ஏற்பதா வேண்டாமா என்பது மேலாளரின் முடிவு.

## எந்த எண்ணாலும் தீராத இடம்

4096 சேர்த்தும் பெட்டி தெரியவே இல்லை என்ற புகாரில் பெரும்பகுதி டாஸ்க் ஷெட்யூலரைச் சார்ந்தது. அங்கே ஒரு பணியை அமைக்கும்போது, பயனர் உள்நுழைந்திருக்கும்போது மட்டும் ஓட்டுவதா, உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டுவதா என்று ஒரு தேர்வு இருக்கிறது. இரண்டாவதைத் தேர்ந்தால், ஸ்கிரிப்ட் உங்கள் திரைக்குத் தொடர்பே இல்லாத வேறோர் அமர்வில் ஓடுகிறது. அமர்வு என்பது ஒரு பயனருக்கென்று விண்டோஸ் ஒதுக்கும் தனி மேசை. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, பின்னணிச் சேவைகள் எல்லாம் 0 என்று எண்ணிடப்பட்ட அமர்விலும், உள்நுழையும் மனிதர்கள் 1 முதலான அமர்வுகளிலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட பிரிவினை இது. வேறொரு மேசையின் அடுக்கில் பெட்டி எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் உங்கள் மேசையில் அது தெரியாது.

இதில் கொடுமை என்னவென்றால், பெட்டி அங்கே திறந்தே இருக்கும். அழுத்துவதற்கு அங்கே ஆள் இல்லை. ஸ்கிரிப்ட் அந்த வரியில் நின்றுவிடும். பணி "ஓடிக்கொண்டிருக்கிறது" என்று ஷெட்யூலர் காட்டிக்கொண்டே இருக்கும். இயல்பான அமைப்பில், அது முடியாதவரை அடுத்த ஓட்டமும் தொடங்காது. மனிதர் பார்க்காத இடத்தில் ஓடக்கூடிய எந்த ஸ்கிரிப்டிலும் காலவரையற்ற செய்திப்பெட்டி இருக்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பெட்டி வேண்டுமென்றால் பயனர் உள்நுழைந்திருக்கும்போது மட்டும் ஓட்டும் தேர்வை இட வேண்டும். இல்லையென்றால் செய்தியை ஒரு பதிவுக் கோப்பில் எழுத வேண்டும்.

நிர்வாகி அனுமதி கேட்டுத் திரை மங்கும்போதும், திரை பூட்டப்பட்டிருக்கும்போதும் பெட்டி தெரியாது. அவையும் தனி மேசைகளே.

## கால எல்லை உள்ள பெட்டி

விபிஸ்கிரிப்ட் போன்ற ஸ்கிரிப்டுகளை ஓட்டும் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்டில் பாப்அப் என்ற கட்டளை இருக்கிறது. செய்தி, காத்திருக்க வேண்டிய விநாடிகள், தலைப்பு, வகையெண் என்ற வரிசையில் நான்கு மதிப்புகளை அது ஏற்கிறது. வகையெண்ணில் அதே 4096-ஐச் சேர்க்கலாம். 30 விநாடி என்று கொடுத்தால், அதற்குள் பதில் வராவிட்டால் பெட்டி தானாக மூடிக்கொண்டு −1 என்ற மதிப்பைத் திருப்பும். ஸ்கிரிப்ட் அந்த −1-ஐப் பார்த்து, பாதுகாப்பான வழியில் தொடரலாம்: கோப்பை அழிக்காமல் விடலாம், புதிய பெயரில் சேமிக்கலாம். ஒரு கேள்விக்குப் பதில் வராமலும் போகலாம் என்பதை முன்கூட்டியே எண்ணி எழுதிய ஸ்கிரிப்டையே நான் முழுமையானதாகக் கருதுவேன்.

விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் பவர்ஷெல்லையோ வேறு மொழியையோ தேர்வது நல்லது. ஆனால் 4, 32, 256, 4096 ஆகிய எண்கள் விபிஸ்கிரிப்டின் சொந்தச் சொத்து அல்ல. அவை விண்டோஸின் அடிப்படைச் செய்திப்பெட்டிச் செயற்கூற்றைச் சேர்ந்தவை. அதை நேரடியாக அழைக்கும் எந்த மொழியிலும் அவை அப்படியே பொருந்தும்.

## பேனாவைப் பிடுங்கும் பெட்டி ஏன் ஆபத்தானது?

இடைவெளி விசை ஒரு பெட்டியில் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் பொத்தானை அது அழுத்தும். ஒருவர் வேகமாகத் தட்டச்சு செய்கிறார். சில எழுத்துகளுக்கு ஒரு முறை அவர் விரல் இடைவெளி விசையில் விழுகிறது. அந்த நேரத்தில் "பழைய கோப்பை அழிக்கலாமா?" என்ற பெட்டி, "ஆம்" என்ற பொத்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையில், விசைப்பலகையுடன் முன்னுக்கு வந்துவிட்டால், அடுத்த சொல்லின் இடைவெளியே பதிலாகிவிடும். பெட்டி வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது. கோப்பு போயிருக்கும்.

மேல்தளத்தில் நின்றும் பேனாவைத் தொடாத பெட்டியில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் ஸ்கிரிப்டுக்கு முன்னணி உரிமை தற்செயலாகக் கிடைக்கும் தருணங்களும் உண்டு என்று பார்த்தோம். ஆகவே இழப்பு தரக்கூடிய கேள்விகளில் 256-ஐச் சேர்த்து, தீங்கில்லாத விடையை இயல்பான தேர்வாக வைப்பது தேவை. வெறும் தகவலுக்கு, "பிரதி எடுத்து முடிந்தது" என்பது போன்றவற்றுக்கு, செய்திப்பெட்டியே வேண்டாம். திரையின் ஓரத்தில் தோன்றி மறையும் விண்டோஸ் அறிவிப்பு போதும். மேல்தளத்தை, பதில் இல்லாமல் வேலை நகர முடியாத கேள்விக்காகவும், உடனே கவனிக்காவிட்டால் சேதம் ஏற்படும் எச்சரிக்கைக்காகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

## சரியாகச் சோதித்தல்

ஸ்கிரிப்டை எழுதி முடித்ததும் அதை இருமுறை சொடுக்கி, பெட்டி முன்னால் வருகிறது என்று பார்த்துத் திருப்தியடைவது சோதனை ஆகாது. அப்போதுதான் சொடுக்கியதால் அதற்கு முன்னணி உரிமை இருக்கிறது. 4096 இல்லாவிட்டாலும் அது முன்னால் வந்திருக்கும். பெட்டிக்கு முந்தைய வரியில் 10 விநாடி உறங்கும்படி ஸ்கிரிப்டுக்குச் சொல்லுங்கள். விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்டில் உறங்கும் நேரத்தை மில்லிவிநாடியில் கொடுக்க வேண்டும் என்பதால் 10000. பிறகு ஸ்கிரிப்டைத் தொடங்கி, உடனே ஓர் எழுதுநிரலைத் திரை முழுக்க விரித்து, நிறுத்தாமல் எதையாவது தட்டச்சு செய்துகொண்டே இருங்கள்.

பெட்டி வரும்போது அது எழுதுநிரலுக்கு மேலே தெரிகிறதா, உங்கள் எழுத்துகள் எங்கே போய் விழுகின்றன, எழுதுநிரலைச் சொடுக்கிய பிறகும் பெட்டி மறையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். மேல்தளக் குறி சரியாகச் சேர்ந்திருந்தால் பெட்டி தெரியும், சொடுக்கிய பிறகும் நிற்கும், எழுத்துகளோ எழுதுநிரலிலேயே தொடரும். அதே ஸ்கிரிப்டை 4096 இல்லாமல் ஒரு முறை ஓட்டினால் வேறுபாடு உடனே தெரியும். ஷெட்யூலரில் ஓடப்போகும் ஸ்கிரிப்ட் என்றால், கையால் தொடங்கிப் பார்த்தது போதாது. ஷெட்யூலரிலேயே பணியை அமைத்து, சில நிமிடங்களுக்குப் பிறகு ஓடும்படி நேரம் குறித்து, அந்த நேரத்தில் வேறு வேலையில் இருந்தபடி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.